நாற்பத்துமூன்றில் ஒன்று

பெட்டி என்னிடம்.
கார் அவளிடம்.
பதினோரு வருடமாக இதுதான் நிலவரம்.

ரூபே நகரத்தை ஒட்டிய வாஸ்காலில்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
விளையாட்டுக் கூடம் சந்தையாகிவிடும்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே என் மேசை,
எதிர்ச்சுவரோரம் சொலான்ஜ் வாத்ரலோவின் மேசை,
நடுவில் வாஃபிள் சுடுகிறவரின் புகை.

ஐந்து பெஜோ 203 வைத்திருக்கிறேன், ஒன்றுக்குச் சக்கரமில்லை.
கறுப்பு சிட்ரோயன் ஒன்று, விளக்குகள் மஞ்சள்.
ஒரு சிம்கா அரோந்த்:
யாரோ ஒரு பையன் அக்காவின் நகப்பூச்சைத் திருடிச்
சிவப்பாக்கியது. நான் சுரண்டவில்லை.
அந்தச் சிவப்புக்கு விலையே கிடையாது என்பேன்.
ஆமாம், கிடையாது என்று
கீழே வைத்துவிட்டுப் போவார்கள்.

பிறகு அந்தப் பெட்டி.
பனார் டீனா. மூடியில் கடற்கரைச் சாலை,
தொப்பியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்ட பெண்.
துவே நகரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வாங்கினேன்.
கொண்டுவந்து திறந்தால்
பஞ்சில் மூன்று பால்பற்கள்.
யாருடையவை என்று கேட்க
அந்த வீட்டில் ஆள் மிச்சமில்லை.

அவளுடைய கார்
லானுவாவில் அவள் அப்பாவின் இரும்புக்கடையில் நின்றது,
தெற்குப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால்
ஆணி டப்பாக்களுக்கு நடுவே.
நிஜக் காருக்கு வங்கி கடன் மறுத்த அன்று
திரும்பும் வழியில் அவர் வாங்கியது.
பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டாராம்.
"ஓட்டுகிற காரைப் பெட்டியில் போட்டா கொண்டுவருவார்கள்?"

பெட்டிக்கு எவ்வளவு, என்பாள்.
விற்பதற்கில்லை. காருக்கு?
விற்பதற்கில்லை.
குளிர்காலத்தில் இதையே
கையுறையோடு சொல்லிக்கொள்வோம்.

நான் எடை, அளவு ஆய்வாளனாக இருந்தவன்.
இறைச்சிக்கடைத் தராசுகள் என்னைக் கண்டால்
முள் நடுங்கும்.
இன்றும் எதையாவது வகுத்துப் பார்த்தால்தான் தூக்கம்.
நாற்பத்துமூன்றால் வகுத்தால்
என் உயரம் நான்கு சென்டிமீட்டர்.
மனைவி பிரிந்துபோன லியோன் பதினாறே கிலோமீட்டர்,
சைக்கிளில் போய்விடலாம்.
பதினோரு வருடப் பிடிவாதம் மூன்று மாதம்.
யாருக்கும் வரக்கூடியதுதான்.

போன நவம்பரில் மழை. வாஃபிள்காரர்கூட வரவில்லை.
சொலான்ஜ் எழுந்தாள்.
தரையில் மூன்று விளையாட்டுகளின் கோடுகள்.
எல்லா எல்லைகளையும் மிதித்துக்கொண்டு வந்து
கைக்குட்டையைப் பிரித்தாள்.
"விற்க அல்ல. பொருந்துகிறதா என்று
ஒரு தடவை பார்க்க."

பற்களைச் சட்டைப்பைக்கு மாற்றினேன்.
பெட்டி உள்ளளவு பத்தே முக்கால். கார் பத்தரை.
கணக்கு சரி.
கார் நுழையவில்லை.

அந்தக் காலத்து பிளாஸ்டிக்.
முன் சக்கரங்கள் தரையில், பின் சக்கரங்கள் தரையில்,
இடுப்பு மட்டும் மேலே,
சோம்பல் முறிக்கும் பூனையாக.
அறுபது கோடைகள் கண்ணாடி வழியே வந்து
கொஞ்சம் கொஞ்சமாக வளைத்திருக்கின்றன.
ஒரு கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்தவன் நான்,
பதினோரு வருடமாக இதைப் பார்க்கவில்லை.
அவள் என்றைக்கும் காரின் முகத்தைத்தான்
என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

சாய்த்து வைத்துப் பார்த்தோம். மூடி உட்காரவில்லை.
தொப்பியில்லாத பெண் அதன்மேல் லேசாக ஆடினாள்.
அழுத்தினால் மூடலாம்,
அழுத்தினால் உடையும்.
இருவர் விரலும் மூடியின்மேல் இருந்தன.
அழுத்தவில்லை.

முதலில் சிரித்தது யார் என்பதில்
இன்றுவரை கருத்து வேறுபாடு.

காரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனாள்.
பற்களைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்,
அவற்றுக்கு அது தாராளம்.

டிசம்பர் ஞாயிறு வந்தாள்.
பெட்டிக்கு எவ்வளவு, என்றாள்.
விற்பதற்கில்லை, என்றேன்.
காருக்கு?