பயணத் தூரம்

கம்பஸ் அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள்.
"வெளிநாட்டுக் கல்வியால் நீர் அடைந்த பயன்:
இருநூறு சொற்களுக்கு மேற்படாமல்."
கோணேசபுரியில் கரண்ட் போன மத்தியானம்.
தாளின் மூலை வியர்வையில் ஊறியது.

எழுதினேன்:
பேர்கன் நகரில் ஒரு தவணை,
கடல் நீரோட்டக் கணிப்பு, இரண்டு ஆய்வுகூடம்,
முப்பது புள்ளி, மழை.
அதற்குமேல் பேனை நகரவில்லை.

மிச்சம் இதுதான், கோடு காணாது:

முதல் கிழமை, நோர்வே மொழி வகுப்பு.
பக்கத்தில் இருப்பவரிடம் ஊர் கேளுங்கள்
என்றார் ஆசிரியை.
பக்கத்தில் சந்துனி,
ருகுணு பல்கலைக்கழகம்.
மாத்தறை என்பாள் என்றிருந்தேன்.
திரிகுணாமலய, என்றாள்.
திருகோணமலை, என்றேன்.
ஆசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்:
இரண்டு ஊரா, ஒன்றா?
நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை.

அவள் தகப்பன் கடற்படையில் எஞ்சின் திருத்தியவர்.
எட்டு வயது வரை டொக்யாட்டுக்குள் குவார்ட்டர்ஸ்.
நான் உவர்மலையில்,
அதே தண்ணியை மேலே இருந்து பார்த்தபடி.
அவள் வீட்டு விளக்கு என் யன்னலில் எரிந்திருக்கும்,
நூறு விளக்குகளில் ஏதோ ஒன்றாய்.

ஒருநாள் இரவு குசினியில் நின்றோம்.
பக்கத்து அறைக்காரன் கதவை அறைந்தான்.
டும்.
ஒரே கணத்தில் இரண்டு தலையும் நிமிர்ந்தன.

சண்டைக் காலத்தில்
சுழியோடிகள் நெருங்காமல் இருக்க
இரவிரவாய்த் துறைமுகத் தண்ணிக்குள் போடும் வெடி.
அதை எண்ணி எண்ணித்தான் நித்திரையானேன், என்றாள்:
அப்பா முழித்திருக்கிறார் என்று அர்த்தம்.
அதை எண்ணி எண்ணித்தான் முழித்திருந்தேன், என்றேன்.

இப்படிச் சொன்னால் அழகாய் இருக்கிறது.
ஆனால்
ஞானேந்திரன் மாமா வீடு திரும்பாத கதையை நான் சொன்ன அன்று
கழுவிய கோப்பையையே அவள் கழுவிக்கொண்டிருந்தாள்.
அப்பா எஞ்சின் மட்டும்தான் பார்த்தார், என்றாள்,
நான் கேட்காத கேள்விக்கு.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் என் கதவடியில் ஒரு டப்பா.
ரம்பை இல்லாத, உப்புக் கூடிய பருப்பு.
நின்றபடியே வழித்துத் தின்றேன்.
எதற்காக வைத்தாள் என்று
இன்றுவரை கேட்கவில்லை.

போன சனி, மாத்தறையில் இருந்து பஸ் ஏறி வந்தாள்.
பஸ் நிலையத்து மான் ஒன்று
அவள் கையில் இருந்த பாண் பையைக் கவ்வி இழுத்தது.
இவர் மாறவேயில்லை, என்றாள் தமிழில்.
பேர்கனில் என்னிடம் பொறுக்கிய தமிழ்,
மானுக்கும் மரியாதை.
என் சிங்களமும் அங்கே பொறுக்கியதுதான்,
எல்லாரையும் 'நீ' என்றே கூப்பிடும்.

உள்துறைமுக வீதியால் நடந்தோம்.
டொக்யாட் வாசலில் காவலாளி என்னிடம் அட்டை கேட்டான்.
அவளிடமும் கேட்டான்.
நாங்கள் இங்கேதான் இருந்தோம், என்றாள், தன் மொழியில்.
பாஸ் வேணும் மிஸ்.
வெளியே நின்று
மரங்களுக்குப் பின்னால் ஒரு கூரையைக் காட்டினாள்,
அதுவோ, பக்கத்ததோ.
போனை எடுத்து
அந்தக் கூரையில் இருந்து என் யன்னல்வரை அளந்தோம்.

இன்று படிவத்தைக் கொடுத்தேன்.
'பயணம் செய்த தூரம்' என்ற கட்டத்தில்
இரண்டு தசம் ஏழு கிலோமீற்றர்.
எழுதுவினைஞர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தினார்.
பிழைபோல, பிள்ளை,
என்றபடி டிப்பெக்ஸைத் தேடினார்.

அவர் மேசை லாச்சியைக் கிண்டி முடிப்பதற்குள்
தாளை இழுத்து,
பஸ் பலகையில் எழுதுவதுபோல்
பக்கத்தில் சின்னதாய்ச் சேர்த்தேன்:
நோர்வே ஊடாக.