அங்கே இன்னும் வெள்ளிக்கிழமை

ஊனோ என்றேன்.
நாலு பேர் எழுந்து நின்று கத்தினார்கள்:
கடைசிச் சீட்டு! கடைசிச் சீட்டு!
இல்லை கண்ணுகளா, ஊனோ என்றால் ஒன்று.
வெறும் ஒன்றா என்று தர்வினேஷுக்கு ஏமாற்றம்.
அவன் வீட்டில் அதைச் சொன்னால்
ஆட்டமே முடியப் போகிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை காலை, பயான் லெப்பாஸ்.
இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பதினொரு பேர்,
திரும்பும்போது மட்டும் முனகும் ஒரு விசிறி,
கூரையை உரசி இறங்கும் விமானங்கள்.
சத்தம் ஓயும்வரை
பாதிச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு
எல்லோரும் காத்திருப்போம்.

நான் ஸ்பானியம் படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை.
ஆலையில் இரவு வேலை, பன்னிரண்டு வருடம்.
கடலுக்கு அந்தப்பக்கம், திஹுவானாவில்,
எங்கள் ஆலைக்கு ஒரு கூடப்பிறந்த ஆலை.
எந்த இயந்திரம் நின்றது, எந்தப் பெட்டி வரவில்லை என்று
தொலைபேசியில் கேட்டுக் கேட்டே ஒட்டிக்கொண்ட மொழி.
எனக்கு முதலில் தெரிந்த சொற்கள்
திருகாணி, தாமதம், மன்னிக்கவும்.
பூனை, நாய், மஞ்சள் எல்லாம்
போன மாதம்தான் கற்றேன்,
இவர்களுக்கு ஒரே ஒரு பாடம் முன்னால்.

ஓலா. வணக்கம்.
முதலில் ஒரு எச் எழுத வேண்டும், சொல்லக் கூடாது.
"சொல்லாததை ஏன் டீச்சர் எழுதணும்? பென்சில் வேஸ்ட்டு"
என்றாள் லோஷினி.
எனக்கும் அப்படித்தான். வெளியே சொல்லவில்லை.

நீஞோ என்றால் பையன்.
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேலைக்கு வரும் எழுத்து என்று
ஞ-வை நினைத்திருந்தவர்கள்
அதை மூக்கு வழியாக இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

மேசையைத் தட்டினேன்: மேசா.
"தமிழ்ல இல்ல டீச்சர், ஸ்பானியத்துல."
சொல்லியாயிற்றே.
காலைக் காட்டினேன்: சப்பாத்தோ.
வகுப்பே சந்தேகமாகப் பார்த்தது,
பாடம் தயார் செய்யாமல் வந்துவிட்டேன் என்பதுபோல.
பறங்கிக் கப்பலில் வந்து நம் வீட்டில் தங்கிவிட்ட சொற்கள்,
அவர்களும் இவர்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்றேன்.
அந்தத் தெம்பில் ஜன்னலைக் காட்டினாள் கவினேஸ்வரி.
வெந்தானா.
அதற்கு அவள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

மேசை அங்கே அது இல்லை, அவள்.
தர்வினேஷ் மேசையை உதைத்துக்கொண்டிருந்த காலை
மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டான்.

பத்தே கால் மணிக்கு மழை பிடித்தது.
சொன்னபடி ரொசால்பாவை அழைத்தேன்.
பன்னிரண்டு வருடமாக எனக்குக் குரல் மட்டும் அவள்;
ஆலை என்னை நிறுத்திய பிறகும் எண்ணை மாற்றவில்லை.
ஒலிபெருக்கியில் போட்டு, ஒன்று இரண்டு மூன்று:
புவெனாஸ் நோச்சேஸ்!
அந்தப் பக்கம் பாத்திரம் ஏதோ விழுந்தது,
பிறகு சிரிப்பு.

"காலையில ஏன் டீச்சர் ராத்திரி வணக்கம்?"
அவங்களுக்கு இப்போது இரவு. வெள்ளிக்கிழமை இரவு.
"அங்க இன்னும் நேத்தா?"
ஆமாம்.

பதினொரு தலையும் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டன.
அதுவரை வாய் திறக்காத யுகேந்திரன்
சப்பாத்தைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் ஏறி நின்றான்.
"அவங்ககிட்ட சொல்லுங்க டீச்சர்,
நாளைக்கு மழை பெய்யும்.
குடை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

ரொசால்பா காத்திருந்தாள்.
நாளை தெரியும், மழை தெரியும்.
குடைக்கு எனக்குச் சொல் இல்லை.
பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட
எங்களுக்கு அது தேவைப்படவில்லை.