என்ஜின் அறைக்காரரோடு கடல் பார்த்தல்

வெள்ளவத்தையில் ஏறினோம். கடற்பக்கக் கதவை
எனக்கு விட்டுத் தந்தார் இவர்.
தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே
தாழம்புதரும் கருங்கல்லும், அவ்வளவுதான்.
பம்பலப்பிட்டி தாண்டுகையில்
ஒரு அலை கல்லில் மோதி எழும்பி
என் செருப்பை நனைத்துவிட்டுப் போனது.
"பாத்தீங்களே?" என்று திரும்பினேன்.
இவர் கம்பியில் உள்ளங்கையை வைத்து நின்றார்:
"இந்தப் பெட்டியில ஒரு பேரிங் போகப்போகுது."

பதினெட்டு வருடம் கப்பலில்.
பதினெட்டு வருடமும் நீர்மட்டத்துக்குக் கீழே,
எண்ணெய்த் துணியும் காதடைப்பானுமாக.
கொழும்புக்கே ஒன்பது தரம் வந்திருக்கிறாராம்.
ஒன்பது தரமும் ஏதோ ஒரு பம்ப் பழுது.
கண்டது ஒரு சுவர், ஒரு பாரந்தூக்கியின் கால்.
துறைமுகங்கள் எனக்கு அஞ்சலட்டையில் வரும்.
வவுனியா தபாற் கந்தோரில்
அதில் முத்திரை குத்துகிறதும் நான்,
குத்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறதும் நான்.

ஆகவே இந்த மூன்று நாளும்
வழிகாட்டி நான்தான்.

கோட்டையில், தெருநடுவே மணிக்கூட்டுக் கோபுரம்.
"இது வெளிச்சவீடாயும் இருந்தது" என்றேன்,
ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லி.
சுற்றிலும் கட்டடங்கள் உயர, உயர
கடலுக்கு இதன் வெளிச்சம் தெரியாமல் போய்,
நேரம் மட்டும் காட்டட்டும் என்று விட்டுவிட்டார்கள்.
இவர் அண்ணாந்து பார்த்தார்,
பிறகு தன் கைக்கடிகாரத்தை.
"நாலு நிமிஷம் பிந்தி ஓடுது."
"பென்ஷன்காரருக்கு என்ன அவசரம்?" என்றேன்.
கோபுரத்தைத்தான் சொன்னேன்.

புறக்கோட்டையில், சாக்கு வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி
ஒரு சாப்பாட்டுக் கடை.
மீன் அம்புல்தியல்: கொறுக்காய்ப் புளியில் கறுத்து
வெட்டின முகம் வெட்டினபடி இறுகிப்போய்.
வாயில் வைத்ததும் கண்ணை மூடினார்.
குளிர்பெட்டி நின்றுபோன ஒரு பயணத்தில்
ஒன்பது நாள் இதுதானாம், குசினிக்காரன் மாத்தறையானாம்.
பரிமாறின பையனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.
பையன் சிரித்து, இன்னொரு துண்டு வைத்தான்.
இருபத்தாறு வருடத்தில் நான் கேட்டிராத குரல் அது,
கொஞ்சம் உயரமாக, கொஞ்சம் பகிடியாக.
நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நூதனசாலையில் மும்மொழிக் கல்.
சீனம், பாரசீகம், நடுவில் நாங்கள்.
அறுநூறு வருடத்துக்கு முந்திய கப்பலில் வந்தது.
பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று
காணிக்கைகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.
"எண்ணெய் எவ்வளவு?"
சொன்னேன்.
"ஏத்தி இறக்கினவன்ர பேர் இருக்கோ?"
"இல்லை. அனுப்பினவர் பேர்தான்."
காலியில், ஒரு மதகுக்கு மூடியாக
இது கிடந்ததாம், கண்டெடுக்கும்வரை.
"அப்ப மேல வண்டி போயிருக்கும்" என்றார்.
காவலாளி வேறுபக்கம் பார்த்தபோது
கல்லின் விளிம்பில் கைவைத்தார்,
ரயில் கம்பியில் வைத்தமாதிரியே.

பின்னேரம் காலிமுகத்திடல். பட்டங்கள். குதிரை ஒன்று.
இஸ்ஸோ வடை இரண்டு, வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூக்கலாக.
தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்கள்
ஒவ்வொன்றாய் விளக்கேற்றின.
இவர் எண்ணினார். பதினொன்று.
"அந்தக் கடைசியில நிக்கிறதில
இப்ப ஒருத்தன் கீழ நிப்பான், பாரும்."
பார்த்தேன். கப்பல்தான் தெரிந்தது.

பிறகு வெகுநேரம் பேசாமலிருந்து,
"இது திரும்பிப் போகேக்க
என்ன மாதிரிச் சத்தம் போடுது?" என்று கேட்டார்.

வந்து மோதுவது கேட்கிறதாம், நெஞ்சுக்குள்.
வடிந்து போவதுதான் கேட்பதில்லையாம்.
அந்த இடத்தில் என்ஜின் ஓடுகிறதாம், இன்னும்.

வடையைக் கையில் பிடித்தபடி
உதட்டைக் குவித்து, பல்லிடுக்கால் காற்றை விட்டுப் பார்த்தேன்.
சரிவரவில்லை.
மணலைக் காலால் இழுத்துப் பார்த்தேன்.
பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.
கடைசியில் அவர் காதோடு வாயை வைத்து
மெல்ல, முழு மூச்சையும்...
அந்த நேரம் பார்த்து ஒரு காகம்
இறாலை மட்டும் கொத்திக்கொண்டு போனது.