கொடுத்து வைத்தது

நவம்பர் பதினாறு. மூன்று மணிக்கே இருட்டு.
டோர்னி வந்து நின்றான்.
பூட்ஸைக் கழற்றவில்லை, உட்காரவில்லை,
கம்பளிக் காலுறை ஒன்றை மேசைமேல் வைத்தான்.
உள்ளே ஒரு கைப்பிடி இரும்பு.
"என் ரைஃபிளின் போல்ட்.
அடுத்த மூஸ் வேட்டை வரை
உன் பெட்டியில் இருக்கட்டும்."

அவனிடமே நல்ல எஃகுப் பெட்டி இருக்கிறது.
தரையோடு சேர்த்துத் திருகியபோது
நான்தான் பிடித்துக்கொண்டேன்.
கான்கிரீட்டில் இரண்டு டிரில் முனை உடைந்தன.
அதன் நான்கு இலக்க எண்
அவன் தலைக்குள்தான் இருக்கிறது.
அதுதான் சிக்கல் என்று அவன் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எங்கள் குழுவில் பதினோரு பேர்.
காலி என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கியைக்
காலி என்று நம்பி வாங்கியவர் ஒருவருமில்லை.
கொடுப்பவர் திறந்து காட்ட வேண்டும்,
வாங்குபவர் அறைக்குள் பார்க்க வேண்டும்,
இருட்டானால் சுண்டுவிரலை விட்டுத் தடவ வேண்டும்.
இதில் கோபித்துக்கொள்ள எதுவுமில்லை.
குண்டு போட்ட துப்பாக்கியோடு வேலி தாண்டிய ஸ்டெல்லனை
மய்வோர் அங்கேயே நிறுத்தி
இரண்டு நாள் காபி போடச் சொன்னாள்.
ஆறு வருஷமாயிற்று,
இன்னும் அவன்தான் காபி போடுகிறான்.
நன்றாகப் போடுகிறான்.

எனவே டோர்னியும்
காலுறையைப் பிரித்துக் காட்டினான்.
நான் பார்த்தேன்.
முதலில் இரும்பை.
பிறகு அவனை.

"குண்டுகள்?"
"ஆர்விடிடம். காபி குடிக்கிறாயா என்றான்,
வேறொன்றும் கேட்கவில்லை."

பெட்ரோல் ரசீதின் பின்பக்கம்
தேதி, எண், பெற்றுக்கொண்டேன், என் கையெழுத்து.
அலுவலகப் படிவமென்றால்
'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்திருக்கும்.
ரசீதில் அது இல்லை. நல்லது.

முதல் நாளே எனக்கு மூஸ் அகப்படும் என்பதால்
கொடுத்து வைத்தவள் என்று கேலி செய்வார்கள்.
அந்தக் குளிரில் சொல் பிரிந்துபோனது.
அவன் கொடுத்தான்.
நான் வைத்தேன்.

வியாழன்தோறும் அவன் வீட்டுக்கு
ஏதாவதொரு சாக்கோடு போனேன்:
பேட்டரி ஒயர், பாதி ரொட்டி,
போன வாரம் நானே விட்டுவந்த டிரில்.
சில நாள் கதவைத் திறந்தான்.
சில நாள் உள்ளிருந்து குரல் மட்டும்:
"இருக்கிறேன்."
பனியைத் தட்டிவிட்டுத் திரும்பினேன்.
அன்றைக்கு அந்த ஒரு சொல் போதும்.

ஜனவரியில் எஸ்டர்சுண்டுக்குக் கூட்டிப்போனேன்,
மருத்துவமனையில் ஒருத்தி இருந்தாள், பேசுவதற்கு.
போகும்போது நூறு கிலோமீட்டர்
கார்புரேட்டரைப் பற்றியே சொன்னான்.
வரும்போது தூங்கினான், வாய் திறந்து,
குழந்தை மாதிரியெல்லாம் இல்லை,
களைத்துப்போன ஐம்பத்திரண்டு வயது ஆள் மாதிரி.

மாதமொருமுறை போல்ட்டுக்கு எண்ணெய் இட்டேன்.
என்னுடையதற்கு ஒரு சொட்டு,
அவனுடையதற்கு இரண்டு.
திரும்பக் கேட்கும்போது
துரு பிடித்திருக்கக் கூடாது பார்.

ஆகஸ்டு கடைசியில் வந்தான்.
பூட்ஸைக் கழற்றி வாசலோரம் ஜோடி சேர்த்து வைத்தான்.
உட்கார்ந்தான்.
நான் சாவியை எடுத்தேன். என் கைதான் நடுங்கியது,
கொடுப்பதா கூடாதா என்று
ஒன்பது மாதமாக ஒத்திகை பார்த்த கை.

"எடுக்க வேண்டாம்" என்றான்.
"இந்த வருஷமும் உன்னிடமே இருக்கட்டும்.
வேட்டைக்கு வருகிறேன்.
ஸ்டெல்லனுக்குக் காபிக்கு ஆள் வேண்டுமாம்."

இருந்தாலும் பார்க்க வேண்டும்போல் இருந்திருக்கும்.
திறந்து காட்டினேன்.
காலுறையின் குதிகாலில் ஓட்டை விழுந்திருந்தது,
அதற்குச் சிரித்தான்.
மூடிப் பூட்டினேன்.

பிடியை ஒருமுறை
அவனும் இழுத்துப் பார்த்தான்.