நாலாயிரம் ஹெர்ட்ஸ்

கம்பெனிக் குழாய் அடியில் பொத்துவிட்டது.
ஸ்குரூ டிரைவரால் குத்தினால்
துரு அப்பளமாய் நொறுங்குகிறது.
அசலே வாங்கலாம். வாங்கலாம்தான்.
ஆனால் ஏழு வருஷமாய்
ஆஸ்பத்திரிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து
"கேட்டால் பட்டனை அழுத்துங்கள்" என்று
மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாய் வழங்குகிறவளுக்கு
சொந்தமாய் ஒரு சத்தம் வேண்டியிருந்தது.

கொணவட்டம், கஃபூர் பட்டறை.
ஏப்ரல் மாதத்துப் பத்தரை மணி.
புல்லட் பக்கத்தில் சாக்கு விரித்து
நாலு சைலன்சர்.

ஷார்ட் பாட்டில் கல்யாண மண்டபத்து மைக் செட்.
லாங் பாட்டில், பந்தியில் எதுவும் சொல்லாமல்
தொண்டையைச் செருமும் மாமனார்.
மூன்றாவதன் லேபிள் வெளிநாடு, வெல்டிங் உள்ளூர்;
வயிறே இல்லை, கண் வைத்துப் பார்த்தால்
ரோட்டில் போகிற குடியாத்தம் பஸ் தெரிந்தது.
"பசங்க இதைத்தான் கேக்குறாங்க" என்றார் கஃபூர்.
போலீஸும் இதைத்தான் கேட்கும் என்றேன்.

கோல்டுஸ்டாரை மாட்டி உதைத்ததும் பேச்சை நிறுத்தினோம்.
டுப்புக்கும் டுப்புக்கும் நடுவே
ஓர் ஆள் மூச்சு விடுமளவு இடம்.

ஆனாலும் ஆக்சிலேட்டரை விட்டால் சோளம் பொரிந்தது.
பிளக்கைக் கழற்றினார்: சுண்ணாம்பு வெள்ளை.
"காத்தைக் குடிக்குது, பெட்ரோல் பத்தல."
ஜெட் மாற்றினோம்; பிளக் கரியாய் வந்தது.
அதைவிடச் சின்னது; ஏர் ஸ்குரூவில் கால் திருப்பு.
மூன்றாம் தடவை டீ நிறம்.
இதற்குள் இரண்டு டீயும் குடித்தாயிற்று.

அப்புறமும் ஒரு விசில். ஊசி முனை.
சொன்னேன். "எங்கே?" என்று தலையைச் சாய்த்தார்.
மறுபடி சொல்ல வாயெடுத்தபோதுதான் ஞாபகம்:
போன மார்ச்சில் என் அறைக்கு வந்தார்.
மூன்றாயிரம் வரை பட்டன் அழுந்தியது.
நாலாயிரத்தில் அவர் கை
மடியில் அப்படியே இருந்தது.
காகிதத்தில் கோடு அங்கே கிணறாய் இறங்கிற்று.
காரணம்: கிரைண்டர், என்று எழுதினேன்.
காதுக்கு அடைப்பான் கொடுத்தனுப்பினேன்;
அதையும் எந்தச் சைலன்சருக்குள் திணித்தாரோ.

இப்போது உள்ளங்கையைக் குழாய் வாய்க்கு
ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறார்.
"எட்டுல ஒரு அடி மெலிசா வருது."
எனக்கு அது கேட்கவில்லை.
என் விசில் அவருக்கு இல்லை.
ஊதுபத்தி கொளுத்தி மூட்டு நெடுகக் காட்டினோம்.
கேஸ்கெட் ஓரம், அரை நெல் அளவு இடுக்கில்
புகை விலகி நடுங்கிற்று.

"கண்ணாடிப் பஞ்சு இன்னொரு சுற்று" என்றேன்.
"சத்தம் செத்துடும் மேடம்."
நான் தினம் போகிற ரோடு ஆஸ்பத்திரி ரோடு என்றேன்.
முனகிக்கொண்டே சுற்றினார்.
கூலியில் மட்டும் எதையும் குறைக்கவில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு லாட்ஜ் சந்தில் திரும்பினேன்.
வங்காள எழுத்துப் பலகைகளின் கீழ்
ஸ்கேன் உறையால் விசிறிக்கொண்டு
மாடிப்படியில் ஓர் இருபது வயசுப் பையன்.
ஆக்சிலேட்டரை அடக்கி, கிட்டத்தட்ட உருட்டிக்கொண்டு போனேன்.
அவன் என்னைப் பார்த்து
வலது மணிக்கட்டைக் காற்றில் முறுக்கிக் காட்டினான்.
பாஷை வேண்டியிருக்கவில்லை.

ஹாரன் அடிக்காதீர் பலகைக்கு நேர் கீழே
ஒரே ஒரு தரம் முறுக்கினேன்.
அவன் கையில் உறை நின்றது.