பதினொரு விநாடி

எங்கள் குழுவுக்குப் பெயர் தொண்ணூறாம் தாங்கி.
சீனக்குடாக் காட்டுக்குள் துருவேறிக் கிடக்கும்
எண்ணெய்த் தாங்கி ஒன்றின் இலக்கம் என்றான் கோணேஸ்.
போய்ப் பார்த்தவர் எங்களில் எவருமில்லை.

உவர்மலையில் நஸ்லிமின் மச்சான்
குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற கடை.
அதன் பின்னறையில்
ஒரே இரவில் ஏழு பாட்டும் பதிந்தோம்.
ஐந்தாவதின் நடுவில் கரண்ட் போனது.
மடிக்கணினி மட்டும் பற்றரியில் கேட்டுக்கொண்டிருந்தது:
மின்விசிறி தளர்ந்து தளர்ந்து நிற்பதை,
நஸ்லிம் குச்சிகளை மடியில் வைப்பதை,
பாட இழுத்த மூச்சை
மெற்றில்டா விடாமல் வைத்திருந்ததை,
வெளியே ஏற்றத்தில் ஓர் ஓட்டோ கியர் மாற்றியதை.
பிறகு ஜெனரேற்றர் இருமியது.
விட்ட சொல்லிலிருந்து தொடங்கினோம்.
திரும்பப் பதிய நேரமில்லை.
காலையில் அந்த அறைக்கு
மூன்று பெட்டிகள் வரவிருந்தன.

கொழும்பு ஞாயிறு இதழில் அரைப்பக்கம் வந்தது.
"திரும்பி வராதவர்களுக்காக
விட்டுவைக்கப்பட்ட பதினொரு விநாடி.
இத்தனை துணிவான மௌனத்தை
அண்மையில் எந்த இசையிலும் கேட்கவில்லை."
எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்.
நாங்கள் எண்ணியிருக்கவில்லை.
அந்தப் பாட்டோ,
தவணை கட்டாததால் லீசிங்காரர் தூக்கிப்போன
கோணேஸின் மோட்டார்சைக்கிளைப் பற்றியது.
டச்பே மணலில் விழுந்து விழுந்து சிரித்தான் அவன்.

யாழ்ப்பாணத்துக் காலாண்டிதழுக்கு
சத்தம் கூடிப்போய்விட்டது, சொல் குறைந்துபோய்விட்டது.
"பேஸ் கிற்றார்க்காரர்
வேறொரு பாட்டை வாசிக்கிறார் போலும்."
அது நான்தான்.
வெட்டியெடுத்துப் பேர்சுக்குள் வைத்திருக்கிறேன்.
மூன்றாம் பாட்டின் முதலடியில்
உண்மையிலேயே வேறு பாட்டைத்தான் வாசித்தேன்.
இவ்வளவு கவனமாக
என்னை யாரும் கேட்டதில்லை.

மெற்றில்டா சிரிக்கவில்லை.
கொழும்புப் பத்திரிகையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.
அடுத்த ஒத்திகையில் சொன்னாள்:
"பதினொன்று காணாது. பதின்மூன்று வேணும்."
ஏனென்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து என் வேலை கூடிவிட்டது.
ஐந்தாவது பாட்டு, இரண்டாவது சரணம்,
வலது காலால் பிளக்கை இழுக்க வேண்டும்.
அதற்காகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
நிலாவெளி ஹோட்டலில்
மௌனம் முடிந்ததும் கைதட்டினார்கள், எழுந்து நின்று.
அரைப்பக்க வரிகளைப் பெரிதாய் அச்சடித்து
நகரெங்கும் ஒட்டினோம்.
கோட்டை மதிலோரம் ஒட்டியவற்றை
மான்கள் பசையோடு தின்றுவிட்டன.
"துணிவான" மட்டும் கொஞ்சநாள் மிச்சமிருந்தது.

இரண்டாவது இசைத்தட்டுக்கு
அதே ஞாயிறு இதழ், அதே கை, எட்டே வரி:
"தம் மௌனத்தையும் இவர்கள்
ஒரு தந்திரமாக்கிவிட்டார்கள்."
கோணேஸ் இந்த முறை சிரிக்கவில்லை.

ஆவணியில் உட்துறைமுக வீதியில் மேடை.
ஐந்தாவது பாட்டு, இரண்டாவது சரணம்,
என் கால் பிளக்கைத் தொடமுதல்
திருமலை முழுக்க இருண்டது.
அங்கிருந்தவர்களுக்கு அது பாட்டின் பகுதி.
ஒருவரும் விசிலடிக்கவில்லை.
ஓர் அம்மா பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.
கடலில் நின்ற கப்பலின் வெளிச்சத்தில் பார்த்தேன்:
வீதி மறித்து நின்ற பொலிஸ்காரர்
தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.
மெற்றில்டாவின் விரல் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தது.
பதின்மூன்றில் நிற்கவில்லை. முப்பதில் நிற்கவில்லை.
நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முதலில் ஐஸ்கிறீம் வண்டியின் பெட்டி உறுமியது.
பிறகு விளக்குகள்.
பொலிஸ்காரர் தொப்பியை அவசரமாய்ப் போட்டுக்கொண்டார்,
யாரோ பார்த்துவிட்டது போல.
நஸ்லிம் அடித்தான், மற்றவர்கள் சேர்ந்தார்கள்.
நான் இரண்டு தட்டுப் பிந்தினேன்.

அந்த இரவைப் பற்றி
எந்தத் தாளிலும் எதுவும் வரவில்லை.
சாமான் ஏற்ற வந்த நஸ்லிமின் மச்சான் மட்டும்
இருட்டில் நின்று கேட்டார்:
"ஃபியூஸ் போனதோ?"
இல்லை என்றேன்.
"அப்ப என்ன?"
மெற்றில்டாவைக் கேளுங்கள் என்றேன்.
அவள் அங்கால் குந்தியிருந்து
வயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.