நகரசபை மதில்

பருத்தித்துறை பஸ் நிலையத்தின் பின்மதிலில்
பாய்க்கப்பல் ஒன்று கீறச் சொன்னார்கள்.
நூறடி நீளம், பதினைந்து நாள்,
பெயின்ற் நகரசபையின் செலவு.

மூன்றாம் நாளே ஊர் திருத்த வந்தது.
தட்டைவடை இவ்வளவு மொத்தமோ என்றாள் புஸ்பராணி.
அந்தக் காலத்து 750க்கு முகம் உப்பிடியில்லை என்றான்
கொண்டக்டர் ஒருவன், ரிக்கற் கட்டைத் தட்டிக்கொண்டே.
வெளிச்சவீட்டுக்கு ஒரு ஜன்னல் கூடிவிட்டதாம்.
எல்லாவற்றையும் மாற்றினேன்.

எமிலியாம்பிள்ளைச் சம்மாட்டி மட்டும்
சைக்கிளை விட்டு இறங்கவில்லை.
ஒரு காலை ஊன்றியபடி,
"உந்த முடிச்சு காத்துக்கு நில்லாது, பிள்ளை."
வேறெதுவும் சொல்லவில்லை.
எனக்குக் கோபம். முடிச்சை அப்படியே விட்டேன்.

பதினோராம் நாள் காலை
பாயின் நட்டநடுவில், பசை காயாமல்,
மரண அறிவித்தல்:
சம்மாட்டி, சைக்கிள் இல்லாமல், கோட் போட்டு.

உரிக்கச் சொன்னார் மேற்பார்வையாளர்,
வெள்ளிக்கிழமை திறப்புவிழா.
நான் கயிற்றடிக்கு ஏணியை நகர்த்தினேன்.
எந்த முடிச்சென்று கேட்க
அந்தத் தாளைத் தவிர ஆருமில்லை.
ஏணி கட்டிய கயிற்றை அவிழ்த்து
மூன்று விதமாய் முடிந்து பார்த்தேன்.

மழை வந்தால் தாள் ஊறிப் போகும்.
வாடைக்கு இன்னும்
இரண்டு மாதம் கிடக்கு.